இயந்திரம் இருக்கட்டும், முதலில் ஏணி

வீட்டுக்குள் காற்று நன்றாக இருக்க வெளிப்புறத்தையும் முற்றத்தையும் எப்படிப் பராமரிப்பது, காற்றைச் சுத்திகரிக்கும் இயந்திரம் அவசியமா என்று கேட்டிருக்கிறீர்கள். ரங்கூனில் இன்செயின் பக்கம், அடியில் செங்கல்லும் மேலே பலகையுமாக நிற்கும் பழைய வீட்டில் குடியிருப்பவன் நான். இயந்திரத்துக்குக் காசு கொடுப்பதற்கு முன் ஓர் ஏணியை இரவல் வாங்குங்கள்.

எங்கள் ஊரில் மே மாத நடுவில் பிடிக்கும் மழை அக்டோபர் வரை விடாது; ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர். சில வருடங்களுக்கு முன்பு ஓர் ஆடி மாதம், அம்மா படுக்கும் அறையில் ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்தது போல ஒரு வாடை. இரவானால் அம்மாவுக்கு இழுப்பு வேறு. ஊதுவத்தி கொளுத்தினோம், சாம்பிராணி போட்டோம். வாடையை மறைக்கப் போய்ப் புகையைச் சேர்க்கிறோம் என்பது அப்போது புத்தியில் ஏறவில்லை. ஒருநாள் பீரோவை நகர்த்தினேன். பின்சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கரும்பச்சைப் பூசணம். தொட்டால் விரலில் மை போல ஒட்டியது.

வெளியே போய் ஏணி வைத்துப் பார்த்தால், கூரைத் தகரத்தின் ஓரத்தில் மழைநீர் ஓடும் பீலியில் மாவிலை மக்கிச் சேறாகி, அதில் ஓர் ஆலங்கன்று நிம்மதியாக இரண்டு இலை விட்டிருந்தது. வழிந்த தண்ணீர் முழுதும் அந்தச் சுவரடியில் விழுந்திருக்கிறது. தரையும் வீட்டை நோக்கிச் சரிந்திருந்ததால் அங்கேயே தேங்கி, செங்கல் அதை உறிஞ்சி மேலே ஏற்றிவிட்டது.

பீலியை வழித்தேன். சுவரிலிருந்து பத்தடிக்குள் அரையடி இறக்கம் வேண்டும் என்பார்கள். எங்கள் மனையில் அவ்வளவு இடம் ஏது? இருந்த நான்கடியில் மண்ணைக் கொட்டிச் சரித்தேன். சுவரில் சாய்ந்திருந்த செடிகளைத் தள்ளி நட்டேன். சுவருக்கும் வெயில் வேண்டுமே. பூசணத்தை முகக்கவசம் போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரால் தேய்த்தேன். தீபாவளிக்குள் வாடை போயிற்று. இழுப்பு குறைந்தது, அடியோடு நின்றது என்று சொல்ல மாட்டேன்.

எதிர்பாராத லாபம் ஒன்றும் உண்டு. தேங்கிய நீரில் கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். பீலி, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு எல்லாம் காய்ந்ததும் கொசு குறைந்தது, கொசுவத்திச் சுருளும் குறைந்தது. ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை விடுவதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்துத்தான் தூங்கிக்கொண்டிருந்தோம்!

ஜெனரேட்டரைச் சன்னலருகே வைக்காதீர்கள். இருபதடியாவது தள்ளி, புகைக்குழாய் வீட்டைப் பார்க்காமல் இருக்கட்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. கோடையில் ஊரே சருகு கொளுத்தும்போது, சன்னலைச் சாத்திவிட்டு ஓட்டினால் இயந்திரம் உதவும், மறுக்கவில்லை. மின்வெட்டு வந்தால் அது வெறும் பெட்டி.

பக்கத்து வீட்டு பர்மியப் பெரியவரும் எங்கள் சன்னலுக்கு நேராகத்தான் சருகு கொளுத்துவார். சண்டை போடவில்லை, எங்கள் கொல்லையில் ஒரு குழி வெட்டி, சருகை இதில் போடுங்கள், உரமாகட்டும் என்றேன். இப்போது இரண்டு வீட்டுக் குப்பையும் அங்கேதான். மாமரக் கிளையை வெட்ட அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை, அதனால் ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்ப் பண்டிகை முடிந்த கையோடு வருடந்தோறும் பீலியில் ஏறுகிறேன். ஏணி அந்தப் பெரியவருடையது.