சீனாவில் சுவான்சோ ஊரின் மேற்குத் தெருவை அரை நாளில் நடந்து பார்த்துவிட முடியுமா? திட்டம் போட்டுத் தர முடியுமா?

முடியும். நானே பார்த்திருக்கிறேன், மூன்றரை மணி நேரத்தில். அப்படிப் பார்த்ததற்காக வீட்டில் இன்றுவரை பேச்சு வாங்கிக்கொண்டிருப்பதால்தான் இந்தப் பதில்.

'அரை நாள்' என்று கேட்டிருப்பதைப் பார்த்தால் நீங்களும் என்னைப் போல வேலைக்காகப் போகிறவர் என்று நினைக்கிறேன். ஷியாமெனிலோ ஜின்ஜியாங்கிலோ தங்கியிருப்பீர்கள். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டியிருக்கும். நான் ஆம்பூர்க்காரன், ஷூ தொழில். ஜின்ஜியாங் சுவான்சோவை ஒட்டிய ஊர், சீனாவின் பெரிய ஷூ ஊர்களில் ஒன்று. சோல் அச்சு பார்க்க 2018இல் முதல்முறை போனேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. சுவான்சோ வேறு, குவாங்சோ வேறு. ஆங்கிலத்தில் எழுதினால் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், நடுவில் ஐநூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். எனக்கு டிக்கெட் போட்ட ஏஜென்ட் விமானத்தைச் சரியாகப் போட்டுவிட்டு, ஓட்டல் அறையைக் குவாங்சோவில் போட்டுவைத்தார். 'ரெண்டும் சீனாதானே சார்' என்றார். பணம் இன்னும் வரவில்லை. அதை விடுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய இரவு உட்கார்ந்து வீடியோக்கள் பார்த்து ஒரு தாளில் நேரம் குறித்தேன். 9.00 மணிக்கூண்டு. 9.20 தெரு. 9.40 கையுவான் கோயில், 40 நிமிடம். 10.20 தேநீர். இப்படியே 12.30 வரை. தாளில் இருந்த எல்லாவற்றுக்கும் டிக் அடித்தேன். மணிக்கூண்டு 1934இல் கட்டிய வெள்ளைக் கூண்டு, நாலு தெரு சந்திக்கிற இடம். அங்கிருந்து மேற்கே பத்து நிமிடம் நடந்தால் கோயில் வாசல். வாசலுக்கு முன்பே இரண்டு கல் கோபுரங்கள் கூரைகளுக்கு மேலே தலை காட்டும். எட்டுப் பட்டை, ஐந்து நிலை, கிழக்குக் கோபுரம் 48 மீட்டர். முதலில் மரத்தில் கட்டி, பிறகு செங்கல்லில் கட்டி, கடைசியில் 13ஆம் நூற்றாண்டில் கல்லில் எழுப்பியவை. 1604இல் வந்த பெரிய பூகம்பத்துக்கும் விழாமல் நின்றவை. இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. கோபுரத்துக்கு முன்னால் ஒரு போட்டோ, பெரிய மண்டபத்துக்கு முன்னால் ஒரு போட்டோ, கிளம்பிவிட்டேன். 38 நிமிடம்தான் ஆனது. இரண்டு நிமிடம் மிச்சம் என்று பெருமை வேறு.

எங்கள் அப்பா ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர். பேப்பரில் எது பிடித்தாலும் கத்தரித்து நோட்டில் ஒட்டிவைப்பார். ஊர் திரும்பி போனில் போட்டோக்களைக் காட்டினேன். கோயில் பெயரைக் கேட்டார், சொன்னேன். உள்ளே போய் ஒரு பழைய நோட்டை எடுத்துவந்தார்.

"பின்னாடி தூண்ல கண்ணன் இருக்குமே, பாத்தியா?"

"எந்தக் கண்ணன்பா?"

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. பூதக்கண்ணாடி வைத்து என் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபத்தின் முன்மேடை அடியில் சிங்க உடம்பும் மனித முகமுமாக எழுபதுக்கும் மேற்பட்ட புடைப்புச் சிற்பங்கள் வரிசையாக உண்டு. அதில் இரண்டு என் முழங்காலுக்குப் பின்னால் தெளிவாக விழுந்திருந்தன. அவற்றையும் நான் பார்க்கவில்லை. அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா சொல்வது ஒன்றுதான்: "நம்ம பையன் சீனா வரைக்கும் போய், கண்ணனுக்கு முதுகக் காட்டி போட்டோ எடுத்துக்கிட்டு வந்தான்." ஆறு வருடம் கேட்டேன்.

விஷயம் இதுதான். 13ஆம் நூற்றாண்டில் சுவான்சோ உலகின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. அரபிகள் வைத்த பெயர் ஸைத்தூன். ஊரைச் சுற்றி இருந்த ஒரு மரத்தின் சீனப் பெயரிலிருந்து வந்தது என்கிறார்கள். என்ன மரம் தெரியுமா? நம் ஊர்க் கல்யாண முருங்கை! அந்தத் துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் இருந்தார்கள். சக ஆண்டு 1203, அதாவது 1281இல், சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே ஆண்ட மங்கோலிய அரசர் கானின் நலத்துக்காகச் சிவனை எழுந்தருளச் செய்ததாகச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு இந்த ஊரில் கிடைத்திருக்கிறது. அந்தக் காலத்து இந்துக் கோயில் எதுவும் இன்று நிற்கவில்லை. இடிந்த கோயில் கற்களைப் பிற்பாடு அங்கங்கே எடுத்து வைத்துக் கட்டினார்கள். அப்படி மிங் அரச வம்சத்துக் காலத்தில் கையுவான் கோயிலைப் பழுதுபார்த்தபோது பெரிய மண்டபத்துக்கு வந்து சேர்ந்தவைதான் அப்பா கேட்ட பின்பக்கத் தூண்கள் இரண்டும் முன்மேடைச் சிங்கங்களும்.

இதைப் படித்ததும் 'ராஜராஜன் சீனாவைப் பிடித்தான்' என்று கிளம்ப வேண்டாம், தயவுசெய்து. 1281இல் சோழர் ஆட்சியே முடிந்துவிட்டது, மதுரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் இருந்த காலம். வந்தவர்கள் வியாபாரிகள். மிளகு விற்க வந்தவன் சாமி கும்பிட இடம் தேடினான், அவ்வளவுதான். கையுவான் கோயில் பௌத்தக் கோயில், 686இல் தொடங்கியது, அதையும் நாம் கட்டவில்லை. மறுபக்கம், 'செருப்பு விற்கிறவனுக்கு என்ன வரலாறு' என்று எழுதப்போகிறவர்களுக்கு: சரி, நான் ஆய்வாளன் இல்லை. தூணைப் போய்ப் பார்த்தவன், அதுவும் இரண்டாம் தடவை.

அந்த இரண்டாம் தடவை 2024 நவம்பரில். இந்தமுறை தாள் இல்லை. காலை ஏழரைக்கெல்லாம் கோயில் வாசலில் நின்றேன். நுழைவுக் கட்டணம் கிடையாது. நேராக மண்டபத்தைச் சுற்றிப் பின்தாழ்வாரத்துக்குப் போனேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆறு வருடப் பேச்சு, ஒரு நிமிட நடை.

தூண்கள் இரண்டும் பதினாறு பட்டை. மற்ற தூண்களைவிடக் கருத்த, பச்சை கலந்த கல். வட்டவட்டமாகச் செதுக்கிய காட்சிகள், ஒவ்வொன்றும் தோசைக்கல் அளவுகூட இருக்காது. எனக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு யானை தெரிந்தது, அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் அப்பாவைக் கூப்பிட்டேன். (இந்தியச் சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டு போங்கள், வாட்ஸ்அப் வேலை செய்யும். அங்கே வாங்கும் சிம்மிலும் ஓட்டல் வைஃபையிலும் வராது.)

"மெதுவா காட்டுடா, ஓடாத" என்றார். யானையைக் காட்டினேன். "கீழ பாரு, காலை முதலை புடிச்சிருக்கும். கஜேந்திர மோட்சம்." இருந்தது. அடுத்தது ஒரு உருவம் மடியில் ஒருவனைப் போட்டுக் கிழித்துக்கொண்டிருந்தது. அதை நானே நரசிம்மர் என்று சொல்லிவிட்டேன். "பரவால்லையே" என்றார். அப்புறம் இரண்டு மரம், நடுவில் ஒரு குழந்தை. எனக்குப் புரியவில்லை. போனில் சத்தமே வரவில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தால், அவர் முகத்தைத் திரைக்கு ரொம்பக் கிட்டே வைத்திருந்தார், நெற்றி மட்டும்தான் தெரிந்தது. "உரல்டா. உரலக் கட்டி இழுக்கிறான். மருத மரம்டா அது ரெண்டும்." பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் துடைப்பத்தை நிறுத்திவிட்டு போனை எட்டிப் பார்த்தார். அப்பா அவருக்கும் ஒரு கும்பிடு போட்டார். அந்த அம்மாவும் கைகூப்பினார்.

ஒன்றேகால் மணி நேரம் இரண்டு தூணோடு போனது. ரோமிங் பில்லைப் பற்றிக் கேட்காதீர்கள்.

ஆகவே உங்கள் அரை நாளுக்கு நான் சொல்வது: கோயிலில் தொடங்குங்கள், தெருவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் மணிக்கூண்டிலிருந்து தொடங்கிக் கடை கடையாக மேய்ந்து, கோயிலுக்கு வரும்போது களைத்திருப்பார்கள். கோயிலுக்குள்ளேயே பழைய கப்பலுக்கு ஒரு கூடம் உண்டு. 1974இல் கடற்கரைச் சேற்றிலிருந்து தோண்டியெடுத்த, சோங் அரச வம்சத்துக் காலக் கப்பல், 24 மீட்டர் நீளத்துக்கு அடிப்பாகம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. உள்ளே 13 அறைகளாகத் தடுத்திருப்பார்கள், ஒன்றில் தண்ணீர் புகுந்தாலும் கப்பல் மூழ்காமலிருக்க. அதில் மிளகும் வாசனைக் கட்டைகளும் இருந்தன. தூணைப் பார்த்துவிட்டு அதைப் பாருங்கள், இரண்டும் ஒரே கதை. மேற்குக் கோபுரத்தில் கையில் வாளோடு ஒரு குரங்கு முகம் இருக்கிறது. அனுமன்தான் என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள், அதில் அறிஞர்களே அடித்துக்கொள்கிறார்கள்.

தெரு ஒன்பது மணிக்கு மேல் நிரம்பிவிடும். செங்கல் வீடுகள், குருவி வால் போல இரண்டு முனையும் தூக்கிய கூரை, சந்துக்குச் சந்து மின்சார ஸ்கூட்டர். ஹாரன் அடிக்காமல் பின்னால் வந்து நிற்கும், கவனம். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் இந்த ஊரின் 22 இடங்கள் சேர்ந்த பிறகு கூட்டம் ரொம்ப அதிகம். தலை நிறையப் பூ வைத்த பெண்கள் வரிசையாகப் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்து ஷுன்பு மீனவக் கிராமத்துப் பெண்களின் வழக்கம், இப்போது சுற்றுலா வந்தவர்களெல்லாம் வாடகைக்கு வைத்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் பூ வைத்தால் கிராமத்தாள் என்கிறவர்கள் அங்கே காசு கொடுத்து வைக்கிறார்கள். அக்டோபர் முதல் வாரமும் மே தொடக்கமும் சீன விடுமுறை, அப்போது போகவே போகாதீர்கள்.

காலணி. இதைச் சொல்லாமல் போனால் என் தொழிலுக்கு மரியாதை இல்லை. தெரு முழுக்கக் கல் பாவியது, மழை பெய்தால் வழுக்கும். ரப்பர் சோல், குறைந்தது ஒரு வாரம் போட்டுப் பழகியது. புது ஷூவோடு போகாதீர்கள். இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஆம்பூர் என்றதும் முதலில் பிரியாணி என்பார்கள், அடுத்த வாக்கியம், 'எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் ரெண்டு ஜோடி கிடைக்குமா?' ஏன் ரிஜெக்ட் ஆனது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. தையல் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ரிஜெக்ட்தான், உள்ளே குதிகால் அட்டை உடைந்திருந்தாலும் ரிஜெக்ட்தான். என் மச்சான் ஒருவர் பிடுங்கிக்கொண்டு போன ஜோடி இரண்டாவது வகை. குதிகால் புண்ணாகி, 'உன் கம்பெனி ஷூ சரியில்லை' என்று கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் சொன்னார். சும்மா வாங்கிய ஷூவுக்கு! சரி, கேள்விக்கு வருகிறேன்.

சாப்பாடு: நூலிழை சேமியாவைக் கஞ்சி போலக் காய்ச்சித் தருவார்கள். காலையில் அதுதான் ஊருக்கே உணவு, பெரும்பாலும் பன்றி, கடல் உணவு சேர்ந்தது. சைவம் என்றால் 'வோ ச்சர் சூ' என்று சொல்லிப் பாருங்கள். வேர்க்கடலையைக் குழைய வேகவைத்த இனிப்புச் சூப்பை நம்பிச் சாப்பிடலாம். கடலைப்பொடி வைத்து மடிக்கும் அப்பம் மலேசியத் தமிழர்களுக்குப் பழக்கம், அங்கே அப்பம் பாலிக் என்பார்கள். அலிப்பே என்ற பணம் கட்டும் ஆப்பில் நம் கார்டை இங்கேயே சேர்த்துக்கொண்டு போங்கள், 2018இல் அந்த வசதி இல்லாமல் திண்டாடினேன். கூகுள் மேப்பை நம்பாதீர்கள், பக்கத்துத் தெருவில் கொண்டுபோய் விடும்.

அப்பா இப்போது கதையை மாற்றிவிட்டார். "நான் போன்ல காட்டிக் குடுத்தேன், இல்லாட்டி இவனுக்கு உரல் எது, மரம் எதுன்னு எங்க தெரியப்போவுது" என்கிறார். முதுகு காட்டிய கதையும் கூடவே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

பின்குறிப்பு: மீதி இந்துச் சிற்பங்கள் அந்த ஊர்க் கடல்வழி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, தெருவிலிருந்து டாக்சியில் போகலாம். திங்கட்கிழமை மூடியிருக்கும். நான் இரண்டாம் தடவை போனது திங்கட்கிழமை. அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.