குட்டி வாங்குவதா, காப்பகத்து நாயைத் தத்தெடுப்பதா? – கேள்வி பதில்

கேள்வி: சார், சென்னையில் இரண்டாவது மாடி ஃபிளாட். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். பையனுக்கு 6 வயது. லாப்ரடார் குட்டிதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். காப்பகத்தில் இருந்து எடுங்கள் என்கிறாள் தங்கை. எது சரி?

பதில்: உங்கள் வீட்டுக்குக் குட்டியே வேண்டாம், எந்த இனமாக இருந்தாலும். இரண்டு மாதக் குட்டியால் மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. ஒரு நாளைக்கு நான்கு வேளை சாப்பாடு வேறு. பகல் முழுக்க வீடு பூட்டியிருந்தால் தன் மூத்திரத்திலேயே படுத்துப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு.

காப்பகத்தில் ஒன்றரை வயது தாண்டிய நாயாகப் பாருங்கள். அதன் அளவு, குணம், பிள்ளைகளிடம் பழகும் விதம் எல்லாம் கண்ணெதிரே இருக்கும். குட்டியிடம் இதெல்லாம் வெறும் யூகம்தான்.

கூண்டுக்குள் குரைப்பதை வைத்து நாயை எடை போடாதீர்கள். அத்தனை நாய்கள் குரைக்கும் இடத்தில் சாதுவான நாயும் குரைக்கும். வெளியே கூட்டி வரச் சொல்லி, பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். கண்ணைப் பார்க்க வேண்டாம். தானாக வந்து முகர்கிறதா? காது, பாதம், வாலடி மூன்றையும் தொட விடுகிறதா? பிறகு பத்தடி தள்ளி ஓர் எவர்சில்வர் தட்டைக் கீழே போடச் சொல்லுங்கள். திடுக்கிடுவது இயல்புதான். கொஞ்ச நேரத்தில் தட்டையே முகரப் போகும் நாய் உங்கள் வீட்டுக்குச் சரிப்படும். ஐந்து நிமிடம் கழித்தும் நடுங்கிக்கொண்டிருந்தால் அதற்குச் சின்னப் பிள்ளை இல்லாத, அமைதியான வீடுதான் நல்லது. இன்னொரு நாள் வேறு நேரத்தில் பையனையும் அழைத்துப் போய் மறுபடி பாருங்கள்.

வளர்ந்த நாயையும் ஒன்பது மணி நேரம் அடைத்து வைக்கக் கூடாது. மதியம் ஒருவர் வந்து பத்து நிமிடம் வெளியே கூட்டிப் போக ஏற்பாடு செய்துவிட்டு அப்புறம் எடுங்கள்.

கேள்வி: புரோக்கர் ஒருவர் 45 நாள் குட்டி, ஒரு ஊசி போட்டாச்சு என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 2017-ல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. 45 நாள் என்பது ஆறரை வாரம்தான். அதுவும் பல நேரம் உண்மையில்லை.

வாயைத் திறந்து பாருங்கள். எட்டு வாரக் குட்டிக்கு மேலே 14, கீழே 14 என 28 பால் பற்களும் வந்திருக்கும். கோரைப் பல்லுக்குப் பின்னால் பக்கத்துக்கு மூன்று கடைவாய்ப் பற்கள் இருக்க வேண்டும். அங்கே வெறும் ஈறாக இருந்தால் குட்டிக்கு ஐந்து வாரம்கூட ஆகியிருக்காது. அந்த வயதில்தான் கூடப் பிறந்த குட்டிகளோடு விளையாடி, எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதற்கு வலிக்கும் என்று கற்றுக்கொள்ளும். சீக்கிரம் பிரித்த குட்டி பின்னாளில் கையை ஆழமாகக் கடிப்பதற்கு இது ஒரு காரணம்.

ஒரு ஊசி போதாது. தாய்ப்பால் வழியாக வந்த எதிர்ப்பு சக்தி தடுப்பூசியை வேலை செய்ய விடாது. அது எப்போது வற்றும் என்று வெளியில் தெரியாது. அதனால்தான் 6–8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும் வரை 3–4 வாரத்துக்கு ஒருமுறை போடுகிறோம். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில். அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பேனாவில் தேதி மட்டும் எழுதியிருந்தால் ஊசியே போடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேசிஐ பேப்பர் இருந்தால் நல்ல குட்டி என்று நம்பலாமா அண்ணா? ஜெர்மன் ஷெப்பர்டு பார்க்கிறோம்.

பதில்: கேசிஐ என்கிற இந்திய கென்னல் கிளப் தரும் அந்தப் பேப்பர் வம்சத்தைச் சொல்லும், உடம்பைப் பற்றிச் சொல்லாது. குட்டியின் தோளில் இருக்கும் மைக்ரோசிப்பை ரீடர் வைத்துப் படிக்கச் சொல்லி, 15 இலக்க எண் பேப்பரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஷெப்பர்டுக்கு அதைவிட முக்கியம் இடுப்பு மூட்டு. தாய், தகப்பன் இரண்டுக்கும் இரண்டு வயதுக்குப் பின் எடுத்த இடுப்பு எக்ஸ்ரே கேளுங்கள். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவருக்கும் இதேதான். வளரும்போது மூட்டுக்குழி ஆழமில்லாமல் அமையும் நாய்க்கு எலும்பு சரியாகப் பொருந்தாமல் ஆடி, தேய்ந்து, எழுந்து நிற்கவே வலிக்கும்.

தாயை அது வாழும் இடத்திலேயே பார்க்க வேண்டும். "தாய் ஊர்ல இருக்கு" என்றால் திரும்பி வந்துவிடுங்கள். ஒன்றரை வயதுக்குள்ளும் எட்டு வயதுக்கு மேலும் பெட்டை நாயைக் குட்டி போட வைக்கக் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது என்பதும் அதே 2017 விதிகளில் இருக்கிறது. தாயின் வயதையும் இது எத்தனையாவது ஈற்று என்பதையும் கேளுங்கள். மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்த வளர்ப்பாளர் சான்றிதழைத் தயங்காமல் காட்டுவார்.

கேள்வி: திருச்சியில் ஹஸ்கி வளர்க்கலாமா? ஏசி இருக்கு.

பதில்: கூடாது. நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். பனியில் ஓடுவதற்கான இரட்டை ரோமத்தோடு சித்திரை வெயிலில் அது பிழைப்பதே பாடு. ஓடிக்கொண்டே இருக்கப் பிறந்த நாயை ஏசி அறைக்குள் வைப்பதும் சிறைதான். மூக்கு சப்பையான பக், புல்டாக் எல்லாம் மூச்சிரைக்கவே திணறும், அவற்றையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: சிவகாசி பக்கம் தோட்டம் இருக்கு. ராஜபாளையம் குட்டி வாங்க ஆசை. நாட்டு இனம் என்பதால் பிரச்சினை இருக்காதில்லையா?

பதில்: தோட்டம் இருக்கிறவர் நாட்டு இனம் வாங்குவது நல்ல முடிவு. வளர்க்கிறவர்கள் இருப்பதால்தான் ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் இன்னும் இருக்கின்றன. பிரச்சினையே இருக்காது என்று மட்டும் நினைக்க வேண்டாம். ராஜபாளையத்தின் முழு வெள்ளை நிறத்தோடு செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வர வாய்ப்புண்டு. ஈற்றில் செவிட்டுக் குட்டி ஏதும் பிறந்ததா என்று முதலிலேயே கேளுங்கள்.

குட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காலைத் தட்டாதீர்கள், தரை அதிர்வதை அது உணர்ந்துவிடும். கிட்டே நின்று கைதட்டினாலும் காற்று படும். மற்ற குட்டிகளிடம் இருந்து பிரித்துத் தனியாக வைத்துப் பாருங்கள்; கூட்டத்தில் இருந்தால் மற்றவை திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பும். காது அசைந்து, சத்தம் வந்த திசைக்குத் தலை திரும்ப வேண்டும். சத்தம் எங்கே என்று தேடித் தடுமாறினால் ஒரு காது கேட்காமல் இருக்கலாம். அதை மருத்துவப் பரிசோதனையில்தான் உறுதி செய்ய முடியும்.

சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டிய பரம்பரை. ஓடுவது எதுவாக இருந்தாலும் துரத்தும். தோட்டத்தில் கோழி இருந்தால் குட்டியிலேயே பழக்குங்கள். ஆறடி வேலி வேண்டும். பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட்டால் எந்த நாயும் மூர்க்கமாகிவிடும்.

கேள்வி: கும்பகோணத்தில் அம்மா தனியாக இருக்கிறார், வயது 70. துணைக்கு ஒரு குட்டி?

பதில்: குட்டி அவரைத் தடுக்கி விழவைத்துவிடும். ஆறேழு வயதான, இழுக்காமல் நடக்கும் காப்பகத்து நாய் ஒன்று பாருங்கள். அவரால் முடியாத நாளில் யார் கவனிப்பார் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

கேள்வி: இரண்டு மாதம் முன்பு எங்கள் குட்டி பார்வோவில் செத்துப்போச்சு. அடுத்தது எப்போது கொண்டு வரலாம்?

பதில்: வருத்தமாக இருக்கிறது. இப்போதைக்குக் குட்டி மட்டும் வேண்டாம். பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். அந்தக் கிருமி மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் இருக்கும். டெட்டாலுக்கும் பினாயிலுக்கும் சாகும் என்று நம்ப முடியாது. முதலில் தரையைச் சோப்பு போட்டு நன்றாகக் கழுவுங்கள், அழுக்கு இருந்தால் பிளீச் வேலை செய்யாது. பிறகு ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஈரமாகவே விட்டுக் கழுவுங்கள். இதோடு வேறு எதையும் கலக்காதீர்கள், ஆசிட்டோடு சேர்ந்தால் விஷவாயு வரும். பழைய படுக்கை, துணி, மரப்பொம்மை எல்லாவற்றையும் எரித்துவிடுங்கள். மண் தரையைச் சுத்தம் செய்யவே முடியாது.

தடுப்பூசி முழுதும் போட்ட, வளர்ந்த நாயைக் காப்பகத்தில் இருந்து எடுத்தால் அத்தனை மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வீட்டுக்கு அதுதான் வழி.

கேள்வி: காப்பகத்தில் இருந்து எடுத்து வந்து ஐந்து நாள் ஆச்சு. கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கு, சாப்பிடவும் மாட்டேங்குது. தப்பு பண்ணிட்டோமா?

பதில்: இல்லை. அது எங்கே வந்திருக்கிறோம் என்றே தெரியாமல் பயந்திருக்கிறது. பயம் தெளியச் சில நாள், வீட்டு நடைமுறை புரியச் சில வாரம், இது நம் வீடு என்று நம்ப ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். கட்டிலுக்கு அடியில் இருந்து இழுக்காதீர்கள். சோற்றில் வேகவைத்த கோழியைப் பிசைந்து, கட்டில் விளிம்பில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஆனால் இன்று அறவே சாப்பிடவில்லை என்றாலோ, சோர்வோடு ஈறு வெளிறியிருந்தாலோ உடனே மருத்துவரிடம் போய் ரத்தம் எடுத்துப் பாருங்கள். நம் ஊர் உண்ணிக் காய்ச்சலும் இப்படித்தான் தொடங்கும்.

வெளியே கூட்டிப் போகும்போது கழுத்துப்பட்டை, உடல்பட்டை இரண்டும் போட்டு, இரண்டிலும் தனித்தனிக் கயிறு மாட்டுங்கள். பயந்த நாய் பின்னால் இழுத்துத் தலையை உருவிக்கொண்டு ஓடுவது பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான். வாசற்கதவைத் திறக்கும் முன் உள்கதவைச் சாத்திவிடுங்கள். உங்கள் போன் எண்ணைப் பட்டையில் இன்றே மாட்டிவிடுங்கள்.