அஸ்வெசும (அரசின் நலன்புரிக் கொடுப்பனவு) மேன்முறையீட்டுக்கு இரண்டு வருடமாகப் பதில் இல்லை. வழக்குப் போட்டால் காசு கிடைக்குமா?

கேட்டவர் கொழும்பில் இருக்கிறார். 2023இல் மேன்முறையீடு போட்டார், ‘ஆம்’ என்றும் பதில் வரவில்லை, ‘இல்லை’ என்றும் வரவில்லை என்கிறார்.

வழக்கால் நேரே காசு வராது, பதில்தான் வரும். அதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

நான் சட்டத்தரணி இல்லை. கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு லோயரிடம் பல வருடமாக மனு டைப் செய்பவன். என் சின்னம்மாவுக்கும் இதே பிரச்சினைதான். ஒரு நாள் அவரையும் கூட்டிக்கொண்டு சேரிடம் போனேன். சேர் கேட்ட முதல் கேள்வி, “அம்மா, முடிவைத் தாங்க என்று எழுத்தில கேட்டீங்களா?”

சின்னம்மா பழைய சமுர்த்திப் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து மேன்முறையீடு போட்டதற்கான துண்டை எடுத்தார். மடித்த இடத்தில் இலக்கத்தின் கடைசி இரண்டு எழுத்தும் உரிந்து போயிருந்தன. “ஆறு தரம் போய்க் கேட்டேன் சேர்” என்றார். ஆறு தரம் போனது அவருடைய காலுக்குத் தெரியும். பைலில் ஒரு வரி கூட இல்லை.

முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது. அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரைப்படி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ரீட் மனு, அதாவது எழுத்தாணை கேட்கும் மனு, போடலாம். செய்ய வேண்டிய கடமையைச் செய்யாமல் இருக்கும் அதிகாரியை ‘செய்’ என்று பணிப்பது மாண்டாமுஸ் எழுத்தாணை. அது கிடைக்க இரண்டு விஷயம் காட்ட வேண்டும். அந்த அதிகாரிகளுக்குச் சட்டப்படி கடமை இருக்கிறது என்பது ஒன்று. இந்தத் திட்டம் 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் நடப்பது, மேன்முறையீடு செய்யுங்கள் என்று கூப்பிட்டதும் அவர்களேதான். அதனால் இதில் பெரிய சிக்கல் இல்லை. நீங்கள் தெளிவாகக் கேட்டும் அவர்கள் மறுத்தார்கள் என்பது மற்றது. ஒழுங்காகக் கேட்ட பிறகும் வாயே திறக்காமல் இருந்தால் அதுவும் மறுப்புத்தான் என்று வாதாடலாம். ஆனால் கேட்டதற்குக் கடதாசி வேண்டும்.

ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். மேன்முறையீட்டு இலக்கம், போட்ட திகதி, இத்தனை நாளுக்குள் முடிவு வேண்டும் என்ற வரி, அவ்வளவு போதும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழில் பதில் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பமும் கொடுங்கள்: என் மேன்முறையீடு எந்த மேசையில், எந்த நிலையில் இருக்கிறது? 14 வேலை நாட்களுக்குள் அந்தத் தகவலைத் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவெடுத்தாக வேண்டும். ‘இன்னும் பரிசீலனையில்’ என்று எழுதிக் கொடுத்தால் அது உங்கள் மனுவுக்கு நல்ல ஆவணம்.

அவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. 2023 ஜூலை 10 கடைசித் திகதி, அதற்குள் ஒன்பது இலட்சத்துக்கு மேல் மேன்முறையீடுகள் வந்து குவிந்தன. அரச சட்டத்தரணி அதைத்தான் சொல்வார். தாமதத்துக்கு அது சாக்காகலாம். பதிலே சொல்லாமல் விட அது போதாது என்பது என் எண்ணம்.

நீதிமன்றம் உங்களுக்குப் புள்ளி போடாது. குடும்பத்தின் வறுமையை அளக்கும் 22 குறிகாட்டிகளையும் பார்த்து 2,500 ரூபாய்ப் பிரிவா, 15,000 ரூபாய்ப் பிரிவா என்று (அப்போதைய தொகைகள்) நீதியரசர் தீர்மானிக்க மாட்டார். ‘இத்தனை வாரத்துக்குள் முடிவெடு’ என்பதோடு நிற்கும். நான் டைப் செய்த இந்த மாதிரி மனுக்களில் பாதிக்கு மேல் விசாரணைக்கே வரவில்லை. இரண்டாவது தவணைக்குள் ‘முடிவு கொடுத்துவிட்டோம்’ என்று எதிர்த்தரப்பு சொல்லும், மனு அதோடு முடியும்.

அடிப்படை உரிமை மனு போடலாமே என்று சிலர் சொல்வார்கள். அது உயர் நீதிமன்றத்துக்கு, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். இரண்டு வருட மௌனத்தில் அந்த ஒரு மாதத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதே தனி வாதம். ரீட் மனுவுக்கு அப்படிக் கெடு இல்லை, ஆனாலும் காரணமில்லாமல் தூங்கினால் அதுவே உங்களுக்கு எதிராகும். ஆகவே இந்த வாரமே கடிதத்தைப் போடுங்கள்.

சின்னம்மா வழக்கு வரைக்கும் போகவில்லை. கடிதமும் தகவல் விண்ணப்பமும் போய் இரண்டு மாதத்தில் பதில் வந்தது. சிங்களத்தில், ஒன்றரை வரி: நிராகரிப்பு. காரணம் எதுவும் இல்லை. நான் தலையில் கைவைத்துவிட்டேன். சேருக்கோ சந்தோஷம். காரணம் சொல்லாத முடிவை ரத்துச் செய்யக் கேட்க வேறு எழுத்தாணை இருக்கிறதாம், மௌனத்தை விட இது பிடிப்பதற்கு லேசாம். இப்போது அந்த மனுவைத்தான் டைப் செய்துகொண்டிருக்கிறேன்.

லோயருக்குக் கொடுக்கக் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். அதுவும் புதுக்கடையில்தான். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகச் செய்வார்கள். அடையாள அட்டை, அந்தத் துண்டு, தபால் ரசீது மூன்றையும் கொண்டு போங்கள். துண்டை முதலில் போட்டோகொப்பி எடுத்துவிடுங்கள்.