வீட்டுத் தோட்டத்தில் நாட்டு முலாம்பழம் வளர்த்து, அதே விதையை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்க முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் எடுத்த எடுப்பில் முலாம்பழம் வேண்டாம், வெள்ளரிப்பழம் போடுங்கள். பழுத்ததும் தோல் வெடித்து மாவு மாவாகப் பிளக்குமே, அதுதான். பெயரில் வெள்ளரி இருந்தாலும் இது முலாம்பழ இனம். வெடித்த பழத்தை லாரியில் ஏற்றி தூரத்துக்கு அனுப்ப முடியாது. அதனால் இதற்கு வீட்டுத் தோட்டம்தான் சரியான இடம். நாமும் விட்டுவிட்டால் விதை போய்விடும் என்பது என் கவலை.

சேலத்து வெயில் இதற்கு நன்றாக ஒத்துவரும். தை கடைசியிலோ மாசியிலோ விதைத்தால் சித்திரையில் பழம் சாப்பிடலாம். ஏற்காட்டில் இருப்பவர்கள் கேட்டால் வேண்டாம் என்றே சொல்வேன். 1,500 மீட்டர் உயரத்துக் குளிரிலும் பனிமூட்டத்திலும் இலையில் சாம்பல் நோய் வந்துவிடும், பழத்தில் ருசியும் ஏறாது. அங்கே காபியும் ஆரஞ்சும் இருக்கட்டும்.

முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, உதிர்ந்தால் பயப்பட வேண்டாம். காய்க்கிற பூ பக்கக் கிளைகளில்தான் அதிகம் வரும். அதனால் ஐந்தாறு இலை விட்டதும் கொடியின் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பூவுக்கு அடியில் மெல்லிய ரோமம் போர்த்திய குட்டிக் காய் இருந்தால் அதுதான் நமக்கு வேண்டிய பூ.

விதை எடுப்பதில்தான் கவனம் வேண்டும். பக்கத்து மாடியில் கலப்பின முலாம்பழம் இருந்தாலோ, வேலியோரம் மிதுக்கங்காய் (இதுவும் முலாம்பழ இனம்தான்) படர்ந்திருந்தாலோ தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும். இந்த வருடப் பழத்தில் வித்தியாசமே தெரியாது, அடுத்த வருடம்தான் தெரியும். சாலட் வெள்ளரியும் தர்பூசணியும் வேறு இனம், அவற்றோடு கலக்காது.

மறுநாள் மலரப்போகும் மொட்டு, முந்தின நாள் மாலையே நுனியில் மஞ்சள் காட்டும். ஆண் மொட்டு ஒன்று, காய் மொட்டு ஒன்று, இரண்டையும் விரியாதபடி நூலால் கட்டிவிடுங்கள். காலை 9 மணிக்குள் ஆண் பூவின் இதழை உரித்து, அதன் மகரந்தத்தைக் காய்ப்பூவின் நடுவில் தடவி, திரும்பவும் கட்டுங்கள். காம்பில் ஒரு சிவப்பு நூல் இருக்கட்டும், விதைப் பழம் எது என்று பிறகு தேட வேண்டாம்.

பிஞ்சு எலுமிச்சை அளவு வந்ததும் துணிப்பையில் மூடிவிடுங்கள், பழ ஈ கிட்டே வராது. காய் முற்றும்போது தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சாப்பிடுவது. என் அம்மாயி வெடித்த பழத்தைக் கரண்டியால் வழித்து, நாட்டுச்சர்க்கரை தூவி, ஒரு ஏலக்காய் தட்டிப்போட்டுக் கொடுப்பார். அந்த வாசனைக்காகவே வருடா வருடம் போடுகிறேன்.

விதையைச் சதையோடு ஒரு நாள் தண்ணீரில் ஊறவிட்டு, அடியில் தங்குவதை மட்டும் எடுத்து நிழலில் காயவைத்து, சாம்பலில் புரட்டி பாட்டிலில் போடுங்கள். ஈரம் படாமல் இருந்தால் 5 வருடம்கூட முளைக்கும். ஒரே கொடியில் எடுக்காமல் நாலைந்து கொடிகளில் எடுங்கள். பாதியைச் சொந்தக்காரர் யாருக்காவது கொடுத்துவையுங்கள். உங்கள் வீட்டில் எலி தின்றாலும் அங்கே போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.