அப்பா தென் சூடானில், மகள் மஸ்கெலியாவில்

கேள்வி: எனக்கு விவாகரத்தாகி இரண்டு வருடம். ஏழு வயது மகள் என்னோடுதான் இருக்கிறாள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அப்பா வந்து கூட்டிப் போகலாம் என்பது மாவட்ட நீதிமன்றக் கட்டளை. அவர் இராணுவத்தில் இருக்கிறார், இப்போது ஐ.நா. அமைதிப் படையோடு ஒரு வருடத்துக்குத் தென் சூடானுக்குப் போகிறாராம். அந்தச் சனிக்கிழமைகளில் அப்பாயி வந்து பிள்ளையைக் கூட்டிப் போக வேண்டுமாம், போனிலும் பேச வேண்டுமாம். "பிள்ளைய விட்டுட்டுப் போறவனுக்கு என்ன உரிமை, இத்தோட எல்லாத்தையும் நிப்பாட்டு" என்கிறார் என் அண்ணன். நிப்பாட்டலாமா?
- ஒரு தாய், மஸ்கெலியா

பதில்: நிப்பாட்ட வேண்டாம் தங்கச்சி. வேலைக்காகக் கடல் தாண்டிப் போகிறவர் பிள்ளையைக் கைவிட்டவர் ஆகிவிடமாட்டார். நம் தோட்ட லயன் வீடுகளிலிருந்து எத்தனை தாய்மார் குவைத்துக்கும் சவூதிக்கும் போனார்கள், அவர்களுக்குப் பிள்ளை மேல் உரிமை இல்லை என்று யாராவது சொன்னால் உங்கள் அண்ணனே சண்டைக்குப் போவார்.

அதோடு அது நீதிமன்றக் கட்டளை. அதை நீங்களும் தனியாக மாற்ற முடியாது, அவரும் தனியாக மாற்ற முடியாது. தன் சனிக்கிழமையைத் தன் அம்மாவுக்கு எழுதிக் கொடுக்கிற மாதிரி அவராகவே கொடுத்துவிட முடியாது. நீங்கள் சம்மதிக்க வேண்டும், இல்லாவிட்டால் நீதிமன்றம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் படைக்குப் போகிற பெற்றோருக்கு இந்தப் பிரச்சினை அதிகம் என்பதால் 2012இல் இதற்கென்றே ஒரு மாதிரிச் சட்டம் எழுதி, சில மாநிலங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. படைக்குப் போனதையே ஒரு குற்றமாகப் பிடித்துப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது, அவர் இல்லாத காலத்தில் பிள்ளைக்கு நெருக்கமான உறவினர் வந்து பார்க்கலாம், இந்த ஏற்பாடெல்லாம் தற்காலிகம்தான் என்கிறது அது. இங்கே அந்தச் சட்டம் செல்லாது. ஆனால் நம் நீதிமன்றமும் பிள்ளையின் நலனைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்துப் பார்க்கிறது, அப்படிப் பார்த்தால் அதிலுள்ள நியாயம் நமக்கும் பொருந்தும்.

அப்பாயியிடம் பிள்ளை ஒட்டுதலாக இருக்கிறாளா? அதுதான் நான் முதலில் கேட்பது. ஒட்டுதல் இருந்தால் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, காலையில் போய்ப் பொழுது சாய முன் திரும்புகிற மாதிரி விடுங்கள். இரண்டும் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால் நான் உங்கள் பக்கம்.

போன் விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தென் சூடான் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். இங்கே இரவு ஏழு என்றால் அங்கே பின்னேரம் மூன்றரை, அவர் டியூட்டியில் இருக்கலாம். அதனால் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். லயத்துக்குள் சிக்னல் இல்லாமல் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக் களத்துக்கு ஏறித்தான் பேச வேண்டும் என்றால் அதையும் அவருக்குச் சொல்லுங்கள், மழை நாளில் அழைப்பு வராவிட்டால் உங்கள் மேல் சந்தேகப்படமாட்டார். ஏழு வயதுப் பிள்ளை போனில் "ம்... ம்..." என்றுதான் பேசும். வரைந்த படத்தையோ கணக்குக் கொப்பியையோ கையில் கொடுத்து, அப்பாவிடம் காட்டச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

தாபரிப்புப் பணம் அவர் வெளிநாட்டில் இருந்தாலும் நிற்கக் கூடாது. எந்தத் தேதியில், எந்தக் கணக்குக்கு வரும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், அவர் திரும்பியதும் பழைய கட்டளையே நடக்கும் என்ற வரி கட்டாயம் இருக்கட்டும், அது உங்கள் இருவருக்குமே காப்பு. இருவரும் சம்மதித்து எழுதியதைச் சட்டத்தரணி மூலம் அதே நீதிமன்றத்தில் பதிய வையுங்கள். கையில் பணமில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள், வருமானம் குறைந்தவர்களுக்காகத்தான் அது இருக்கிறது.

அவர் எப்போது கிளம்புகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. விமானம் ஏறிவிட்டால் ஒரு கையெழுத்துக்கே மாதக்கணக்கில் அலைய வேண்டி வரும், இந்தக் கிழமையே பேசிவிடுங்கள்.