பதினாலு பதினைந்து இருக்கும்

அன்புள்ள ஐயா,

போன வாரக் கட்டுரையில் ஜப்பானியக் கவிஞர் மசாவோகா ஷிகியின் இந்த ஹைக்கூவைப் போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள்:

கோழிக்கொண்டைப் பூ
பதினாலு பதினைந்து
இருக்கும்

நானும் பத்து வருடமாக ஹைக்கூ எழுதுகிறேன். மூன்றாவது வரியில் ஒரு திருப்பம் வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். இதில் என்ன இருக்கிறது? கணக்குப்பிள்ளை எழுதிவைத்த குறிப்பு மாதிரி இருக்கிறதே. பெரிய பெயர் என்பதற்காகப் பாராட்டுகிறோமா?

கே., கரூர்

அன்புள்ள கே.,

இந்தச் சண்டை ஜப்பானிலேயே ரொம்பப் பழசு. 1900 செப்டம்பரில், தோக்கியோவின் நெகிஷி பகுதியில் இருந்த ஷிகியின் வீட்டில் கூடிய கவிக்கூட்டத்தில் எழுதப்பட்டது இது. அன்றைக்குக் கூடியிருந்தவர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவருடைய முக்கியச் சீடர் தகஹாமா கியோஷி 1941-ல் ஷிகியின் தேர்ந்தெடுத்த கவிதைகளைத் தொகுத்தபோது 2,000-க்கு மேல் எடுத்துக்கொண்டார், இதை விட்டுவிட்டார். தன்கா என்ற ஐந்தடிக் குறுங்கவிதை எழுதிய சைதோ மொகிச்சியோ இதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார். ‘ஏன், ஏழெட்டுப் பூ என்றால் ஆகாதா?’ என்று பின்னால் கேட்டவர்களும் உண்டு. நீங்கள் கியோஷி கட்சி. மோசமான கட்சி இல்லை.

நான் மறுகட்சி. காரணம் அந்தக் கடைசிச் சொல். மூலத்தில் ‘அரினுபெஷி’. எண்ணிப் பார்த்துச் சொல்வதல்ல, ‘நிச்சயம் அவ்வளவு இருக்கும்’ என்று உத்தேசமாக அடித்துச் சொல்வது. இங்கிலீஷில் இதற்கு நாலு சொல் தேடவேண்டும், நமக்கு ‘இருக்கும்’ போதும். ‘பந்தியில் ஐந்நூறு பேர் இருக்கும்’ என்கிறோமே, அதே ‘இருக்கும்’தான். சரி, தன் வீட்டுத் தோட்டத்துப் பூவை ஒருவர் ஏன் உத்தேசமாகச் சொல்லவேண்டும்? எழுந்து நாலடி வைத்து எண்ணிவிட்டு வரலாமே?

வைக்க முடியாது. அதுதான் விஷயம். ஷிகிக்குக் காசநோய். 1895-ல் சீனப் போருக்கு நிருபராகப் போனவர், திரும்பும் கப்பலில் ரத்தம் கக்கினார். அப்புறம் நோய் முதுகெலும்பில் இறங்கியது. ‘ஷிகி’ என்பதே ஒரு குயிலினத்தின் பெயர். ரத்தம் கக்கும்வரை கூவும் என்று அதைப் பற்றி ஒரு கதை உண்டு. இருமலில் ரத்தம் கண்ட இளம் வயதில் அவரே வைத்துக்கொண்ட பெயர். கடைசி வருடங்கள் முழுக்கப் படுக்கையில்தான். கோழிக்கொண்டையைப் பார்த்திருப்பீர்கள், தடித்த தண்டோடு விறைப்பாக நிற்கிற பூ. மல்லாந்து கிடக்கிற ஒருவர் அதைப் பார்க்கிறார். இதற்கு மேல் திருப்பம் வேண்டுமா என்ன?

1896-ல் எழுதிய இன்னொன்று:

எத்தனை தடவை கேட்டேன்
பனி எவ்வளவு உயரம்
கிடக்கிறதென்று

அப்போது அந்த அறைக்குக் காகிதக் கதவுதான். வெளியே பனி விழுவது தெரியாது, வீட்டுப் பெண்களைத்தான் கேட்கவேண்டும். என் அப்பா கடைசி மாதங்களில் ‘குழாயில தண்ணி வந்துடுச்சா, எத்தனை குடம் நிக்குது?’ என்று படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு அந்தத் தண்ணீரால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. இந்த ஹைக்கூவை அதற்கப்புறம்தான் எனக்குப் படிக்கத் தெரிந்தது. 1899 குளிர்காலத்தில் அந்தக் காகிதக் கதவை எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்டுக்கொடுத்தவர் யார் தெரியுமா? கியோஷி. அந்தக் கண்ணாடி வந்த மறுவருடம் எழுதியதுதான் கோழிக்கொண்டை.

ஐரோப்பிய முறையில் படம் வரைந்த நகமுரா ஃபுசெட்சு என்ற ஓவியரின் நட்பில் ஷிகி பிடித்துக்கொண்ட சொல் ‘ஷசெய்’, உள்ளதை உள்ளபடி வரைவது. பதினேழாம் நூற்றாண்டு மேதை பாஷோவையே துணிந்து விமர்சித்தவர், தொடர்கவிதையின் முதல் கண்ணியைத் தனியே பிரித்து ‘ஹைக்கூ’ என்ற பெயரை நிலைநிறுத்தியவர். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், விட்டுவிடுகிறேன்.

நிப்போன் நாளிதழில் அவர் எழுதிய கடைசித் தொடரின் பெயர் ‘ஆறடிப் படுக்கை’. நமக்கு ஆறடி என்றாலே நினைப்பு வேறு எங்கோ போகிறது. ‘இதுதான் என் உலகம், இதுவே எனக்கு அகலம் அதிகம்’ என்று தொடங்குகிறார். 1902 மே மாதம் ஆரம்பித்து இறப்பதற்கு இரண்டு நாள் முன்புவரை 127 பகுதி. உடம்பு முடியவில்லையே என்று ஒரு நாள் இடைவெளி விட்டது பத்திரிகை. ஷிகி ஆசிரியருக்குக் கடிதம் போட்டார்: காலையில் பேப்பரில் அதைப் பார்த்தால்தான் உயிர் வருகிறது, இன்று காணவில்லை, அழுதுவிட்டேன் என்று. எழுதுகிறவர்களுக்கு இது புரியும்.

அச்சுக்கு என்று எழுதாத நாட்குறிப்பும் ஒன்று உண்டு. அதில் அன்றன்று தின்றதெல்லாம் இருக்கிறது: கஞ்சி எத்தனை கிண்ணம், மீன், பால், இனிப்பு பன். கூடவே புண்ணுக்குக் கட்டு மாற்றிய கணக்கு. வருடக்கணக்காகக் கட்டு மாற்றிய தங்கை ரிட்சுவைப் பற்றி, பிடிவாதக்காரி, மரக்கட்டை மாதிரி, ஆறுதலாக ஒரு வார்த்தை வராது என்று எழுதியிருக்கிறார். அவள் ஒரு ஊறுகாயோடு சாப்பாட்டை முடித்துக்கொள்வதையும் அவரேதான் எழுதிவைத்திருக்கிறார். எனக்கு அவர்மேல் கோபம் வருகிற பக்கங்கள் இவை.

1902 செப்டம்பர் 18 காலை ரிட்சுதான் மை அரைத்துக் கொடுத்தாள், எழுதும் அட்டையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று ஹைக்கூ எழுதினார். முதலாவது:

பீர்க்கு பூத்துவிட்டது
சளி அடைத்துக்கிடக்கிறார்
ஒரு புத்தர்

ஜப்பானில் செத்தவரையும் ‘புத்தர்’ என்பார்கள், நம் பக்கம் ‘சாமியாகிவிட்டார்’ என்கிற மாதிரி. பீர்க்கங்கொடியின் நீர் சளிக்கு மருந்து. அறைக்கு வெளியே கொடி போட்டிருந்ததே அதற்காகவும்தான்.

அன்று நள்ளிரவுக்குப் பின் உயிர் போனது. வயது 34. விறைத்துப்போன உடம்பை நேராக்கும்போது அம்மா யாயே சொன்னதை, பக்கத்தில் இருந்த சீடர் ஹெகிகோதோ எழுதிவைத்திருக்கிறார்: “எங்கே, இன்னொரு தடவை வலிக்குதுன்னு சொல்லு பாப்போம்.”