எல்.எல்.ஆருக்கு உயிர் இருக்கா, மேடம்?

(வாசகர் கேள்வி – பதில், செப்டம்பர் 2021)

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி செப்டம்பர் 30-ஐப் பற்றியவை, அதாவது காலாவதியான லைசென்ஸுக்கும் எல்.எல்.ஆருக்கும் (பழகுநர் உரிமம்) கொரோனாவால் கொடுத்த கூடுதல் அவகாசம் முடிகிற நாள். மீதி எல்லாம் 'ஸ்டீயரிங்கைத் தொட்டே பல மாதம் ஆச்சு' ரகம். திருச்சியில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஆட்டோமேட்டிக் கார் வாங்கலாமா என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்கவும்.

2020 ஜனவரியில் எல்.எல்.ஆர். எடுத்தேன். எட்டு போட, அதாவது லைசென்ஸ் டெஸ்ட்டில் எட்டு வடிவத்தில் ஓட்டிக்காட்ட, போவதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. அப்புறம் பயத்தில் போகவே இல்லை. எல்.எல்.ஆருக்கு ஆறு மாதம்தானே ஆயுள்? உயிர் இருக்கா, மேடம்?
— கல்லூரி மாணவர், திண்டுக்கல்

இருக்கிறது தம்பி, ஆனால் மூச்சு வாங்குகிறது. சாதாரணக் கணக்குப்படி உங்கள் எல்.எல்.ஆர். போன வருஷம் ஜூலையிலேயே முடிந்திருக்க வேண்டும். 2020 பிப்ரவரி 1-க்குப் பிறகு காலாவதியான மோட்டார் வாகன ஆவணங்களைச் செல்லுபடியாகும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அந்த மார்ச் 30-ல் மாநிலங்களுக்கு எழுதியது. முதலில் ஜூன் 30 வரை என்றார்கள். பிறகு செப்டம்பர் 30, டிசம்பர் 31, இந்த வருஷம் மார்ச் 31, ஜூன் 30 என்று தள்ளிக்கொண்டே வந்தார்கள். கடைசியாக ஜூன் 17-ல் வந்த கடிதம்தான் இந்த செப்டம்பர் 30.

ஐந்து தடவை நீட்டியவர்கள் ஆறாவது தடவையும் நீட்டுவார்கள் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். இன்றைக்கே சாரதி என்கிற அரசு லைசென்ஸ் இணையதளத்தில் உங்கள் எல்.எல்.ஆர். எண்ணைப் போட்டு, டெஸ்ட் ஸ்லாட் கிடைக்கிறதா என்று பாருங்கள். தேதி தவறினால் புது எல்.எல்.ஆர்.தான். மத்திய விதிப்படி அதற்கு ஒரு வகை வண்டிக்கு 150 ரூபாய், கம்ப்யூட்டர் டெஸ்ட்டுக்கு 50, சேவைக் கட்டணம் தனி. பணம் பெரிதில்லை. புதுசு எடுத்து 30 நாள் ஆகாமல் எட்டு போட விட மாட்டார்கள். அதுதான் இழுத்தடிப்பு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை வருஷமாக வண்டியைத் தொட்டீர்களா? தேதியை டெல்லியில் கையெழுத்துப் போட்டு நீட்டலாம். உங்கள் இடது காலுக்கு கிளட்ச் ஞாபகத்தை அப்படி நீட்டித் தர முடியாது. இப்போது எங்களிடம் டெஸ்ட்டுக்கு முன்னால் 'ஒரு ரவுண்டு பார்த்துக்கிறேன்' என்று வருகிறவர்களில் பலர், 2020-ல் நன்றாக ஓட்டியவர்கள்தான். ரிவர்ஸில் தடுமாறுகிறார்கள். கை சிக்னல் சுத்தமாக மறந்துவிடுகிறது. காரில் இண்டிகேட்டர் இருக்கும்போது கை எதற்கு என்று டெஸ்ட் வைக்கிற பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வாதாடிப் பிரயோஜனம் இல்லை, காட்டச் சொன்னால் காட்ட வேண்டும்.

ஜூலை 1-லிருந்து ஆர்.டி.ஓ. ஆபீஸில் எட்டு போட வேண்டாம், டிரைவிங் ஸ்கூல் சர்ட்டிபிகேட் போதும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?
— இல்லத்தரசி, கடலூர்

கால்வாசி உண்மை. அது 'அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையம்' என்கிற தனி ஏற்பாடு. அதற்கான விதியை மத்திய அரசு ஜூன் மாதம் வெளியிட்டது, ஜூலை 1-லிருந்து அமல். சமவெளி என்றால் அந்த மையத்துக்கு இரண்டு ஏக்கர் நிலம் வேண்டும், மலைப்பகுதி என்றால் ஒரு ஏக்கர். சிமுலேட்டர் வேண்டும், சொந்தமாக டெஸ்ட் டிராக் வேண்டும். காருக்கான பயிற்சி 29 மணி நேரம், அதை நான்கு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். அதில் 8 மணி நேரம் வகுப்பு, 21 மணி நேரம் வண்டியில். அங்கே படித்துத் தேறினால்தான் ஆர்.டி.ஓ. ஆபீஸ் டெஸ்ட்டிலிருந்து விலக்கு.

தெருமுனையில் ஒரு மாருதியும் ஒரு மேஜையும் வைத்திருக்கிற என் போன்றவர்களின் ஸ்கூலுக்கு அது பொருந்தாது. பொருந்தும் என்று யாராவது சொல்லிப் பணம் கேட்டால், அங்கீகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

கணவர் ஒர்க் ஃப்ரம் ஹோமில் இருந்ததால் ஜூன் மாதம் அவரிடமே கார் பழகினேன். லைசென்ஸும் வாங்கிவிட்டேன். ரோடு காலியாக இருந்தபோது 'சூப்பரா ஓட்டுற' என்றார். இப்போது காந்திபுரம் பக்கம் போனாலே கை நடுங்குகிறது. பின்னால் ஆரன் அடித்தால் வண்டி ஆஃப் ஆகிவிடுகிறது. திரும்ப முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டுமா?
— வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

ஜூனில் கோவை உட்பட 11 மாவட்டங்களுக்கு ஊரடங்குத் தளர்வே குறைவு. அநாவசியமாக வெளியே வந்தவர்களை போலீஸ் மடக்கிக்கொண்டிருந்த நேரத்தில் எந்த ரோட்டில் பழகினீர்கள் என்று நான் கேட்கவில்லை. காலனிக்குள்ளேதான் என்று நம்புகிறேன்.

முதலிலிருந்து வேண்டாம் அம்மா. ஆனால் உங்களுக்கு என்ன வரவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். காலி ரோட்டில் பழகியவர்களுக்கு மூன்றாவது, நான்காவது கியர் அழகாக வரும். ஒன்றும் இரண்டும் வராது. ஊரடங்கில் எடுத்தவுடன் வேகம் பிடித்து மேலே போய்விடுகிறோம், நிற்க வேண்டிய அவசியமே இல்லை. டவுனில் ஓட்டுவதோ முக்கால்வாசி நேரம் ஒன்று, இரண்டு, ஹாஃப் கிளட்ச், மறுபடி ஒன்று. அந்த வேலையை உங்கள் கால் செய்ததே இல்லை. இதில் திறமைக் குறைவு எதுவும் இல்லை, பாடத்தில் ஒரு பாகம் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் இதற்கு நான் பிள்ளைகளை மாரிஸ் தியேட்டர் பாலத்துக்குக் கூட்டிப்போவேன். ஏற்றத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கும். ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்து, கிளட்சை மெதுவாக விடு, முன்பக்கம் லேசாகத் தூக்கும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தி ஹேண்ட் பிரேக்கை இறக்கு. பின்னால் ஆட்டோக்காரர் ஆரன் அடித்துக்கொண்டே இருப்பார், அடிக்கட்டும். ஆரன் சத்தம் கேட்டதும் கிளட்சைச் சட்டென்று விட்டுவிடுகிற கால்தான் வண்டியை ஆஃப் செய்கிறது. சத்தம் காதுக்கு வந்தாலும் கால் அசையக் கூடாது. அதற்குப் பழக்கம் வேண்டும், வேறு வைத்தியம் கிடையாது.

உங்கள் ஊரில் ஒரே ஒரு ரோட்டைத் தேர்ந்தெடுங்கள், வீட்டிலிருந்து பேங்க்குக்குப் போகிற ரோடே இருக்கட்டும். சில நாள் காலை ஆறு மணிக்கு அதில் போய்வாருங்கள். அடுத்து அதே ரோட்டில் மதியம் இரண்டு மணிக்கு. அப்புறம் காலை பதினொரு மணிக்கு. சாயங்காலம் ஆறு மணிக் கூட்டத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ரோடு பழகியிருந்தால் மனசு வண்டிகளைக் கவனிக்கும். புது ரோடும் புதுக் கூட்டமும் ஒரே நாளில் வேண்டாம்.

கண்ணாடியில் என்ன தெரிகிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுங்கள். 'இடது பக்கம் ஸ்கூட்டி, பின்னால் டவுன் பஸ்.' கணவர் சிரிப்பார், சிரித்துவிட்டுப் போகட்டும். ஊரடங்கில் கண்ணாடி பார்க்கத் தேவையே இருந்திருக்காது, அந்தப் பழக்கம் இப்படித்தான் ஏறும். ஸ்டாப்பில் நிற்கிற பஸ்ஸைத் தாண்டும்போது பஸ்ஸின் முன்பக்கம் அடியில் கால் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ஒருவர் குறுக்கே வரப்போகிறார் என்று அர்த்தம்.

ஒரு வார்த்தை கணவருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து 'பிரேக், பிரேக்' என்று கத்துவதாக இருந்தால், அந்த வாரங்களில் அவர் வீட்டிலேயே இருப்பது உத்தமம்.

2020 மார்ச் முதல் வாரம் டிரைவிங் ஸ்கூலில் முழுப் பணமும் கட்டினேன். கொஞ்சம் வகுப்பு நடந்ததும் ஊரடங்கு. இப்போது போனால் 'பழைய பேட்ச் முடிஞ்சிருச்சு, திரும்பக் கட்டுங்க' என்கிறார்கள்.
— தறி உரிமையாளர், சேலம்

எங்கள் தொழில்காரர்களும் அடிபட்டார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்கூல் மூடிக் கிடந்த மாதங்களிலும் கார் லோன் தவணை வந்தது, கடை வாடகை வந்தது. சிலர் வண்டியையே விற்றார்கள். பெட்ரோல் இந்தக் கோடையில் நூறு ரூபாயைத் தாண்டியது. அதனால் பாக்கி வகுப்புகளுக்குப் பெட்ரோல் வித்தியாசம் மட்டும் கேட்டால் கொடுத்துவிடுங்கள், அது நியாயம்.

முழுத் தொகையும் கேட்பது நியாயமில்லை. ஒவ்வொரு மாணவரும் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்று எழுதிவைக்க வேண்டிய பதிவேடு ஒன்று ஸ்கூலில் இருக்க வேண்டும், அதன் பெயர் படிவம் 15. அதில் உங்கள் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். கார் பயிற்சி என்றால் 21 நாளுக்குக் குறையக் கூடாது, வண்டி ஓட்டுவது மட்டும் 10 மணி நேரமாவது இருக்க வேண்டும் என்பது விதி. பதிவேட்டில் உங்கள் மணிநேரம் பத்தை எட்டவில்லை என்றால் பாக்கியை அவர்கள் தர வேண்டும். படிவம் 15 என்று நீங்கள் உச்சரித்தாலே பேச்சின் தொனி மாறிவிடும். மாறவில்லை என்றால், அந்த ஸ்கூலுக்கு லைசென்ஸ் கொடுத்த ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

டிரைவிங் ஸ்கூல் காரில் பத்துப் பேர் உட்கார்ந்த சீட்டில் உட்காரப் பயமாக இருக்கிறது. அண்ணனே கற்றுக்கொடுக்கிறேன் என்கிறான். அவனுக்கு லைசென்ஸ் இருக்கிறது. சட்டப்படி சரியா?
— மாணவி, மதுரை

சரிதான். உங்களிடம் எல்.எல்.ஆர். இருக்க வேண்டும், அண்ணன் லைசென்ஸோடு பக்கத்து சீட்டில் இருக்க வேண்டும், காரின் முன்னாலும் பின்னாலும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' இருக்க வேண்டும். ஸ்கூட்டர் என்றால் பின்னால் உட்கார அவருக்கு மட்டுமே அனுமதி, தோழியை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது.

வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். எங்கள் காரில் டபுள் கண்ட்ரோல் உண்டு, என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அண்ணன் காலடியில் மிதியடிதான் இருக்கும். எனவே மைதானத்தில் ஆரம்பியுங்கள், வண்டியை நிறுத்துவது கைவந்த பிறகு ரோட்டுக்கு வாருங்கள். அவர் கை எப்போதும் ஹேண்ட் பிரேக் பக்கத்தில் இருக்கட்டும். எட்டும் ரிவர்ஸும் மட்டும் கடைசியில் ஏதாவது ஸ்கூலில் இரண்டு மூன்று வகுப்பு எடுத்துக்கொண்டால் நல்லது. பயம் இருந்தால் காலை முதல் வகுப்பைக் கேளுங்கள், தனியாக வேண்டும் என்றும் கேளுங்கள். முன்பு ஒருவர் ஓட்ட, மூன்று பேர் பின்சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த பழக்கம் கொரோனாவோடு போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

'கொரோனா நேரம், ஆபீஸில் கூட்டம் சேர்க்க மாட்டார்கள், எட்டு போடாமலே முடிச்சுத் தரேன்' என்கிறார் ஒரு புரோக்கர். கொடுக்கலாமா?
— விழுப்புரம்

கூடாது. ஏமாற்றி வாங்கிய லைசென்ஸைப் பறிக்க சட்டத்தில் இடம் இருக்கிறது. லைசென்ஸ் வந்த மறுநாள் உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியப்போவதும் இல்லை. அந்தப் பணத்துக்கு என்னைப் போன்ற யாரிடமாவது பத்து மணி நேரம் ஓட்டுங்கள்.

எனக்கு 61 வயது. லைசென்ஸ் 2020 மே மாதம் முடிந்தது. பிள்ளைகள் 'இனி எதுக்குப்பா கார்' என்கிறார்கள். புதுப்பிக்க மறுபடி டெஸ்ட் வைப்பார்களா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ஐயா, சாதாரண நாளில் காலாவதியாகி ஓராண்டு தாண்டினால் மறுபடி டெஸ்ட் உண்டு. முன்பு இது ஐந்தாண்டாக இருந்தது, 2019 சட்டத் திருத்தத்தில் ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள். இப்போது உங்கள் லைசென்ஸும் செப்டம்பர் 30 சலுகைக்குள் வருகிறது, அதற்குள் விண்ணப்பித்துவிடுங்கள். உங்கள் வயதுக்கு டாக்டரிடம் படிவம் 1ஏ என்கிற மருத்துவச் சான்றிதழ் வாங்க வேண்டும். புதுப்பித்தால் ஐந்தாண்டு.

அந்தப் படிவத்துக்கு முன்னால் கண் டாக்டரைப் பாருங்கள். ஊரடங்கில் கண்புரை ஆபரேஷனைத் தள்ளிப்போட்ட பெரியவர்கள் நிறையப் பேர். இரவில் எதிர் வண்டி விளக்கு சிதறித் தெரிகிறது என்றால் முதலில் அதைக் கவனியுங்கள். கொரோனா வந்து போயிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டியதுமே களைப்பு வருகிற நிலையில் ஹைவே வேண்டாம். கண்ணும் உடம்பும் சரி என்றால் ஓட்டுங்கள், பிள்ளைகளிடம் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

மாஸ்க் போட்டு ஓட்டினால் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிகிறது. டெஸ்ட் அன்று கழற்றலாமா?
— கண்ணாடிக்காரன், தஞ்சாவூர்

பக்கத்தில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருக்கிறார், கழற்றாதீர்கள். மூக்கின் மேல் கம்பி வைத்த மாஸ்க்காகப் பார்த்து வாங்கி, கம்பியை நன்றாக அழுத்தி, மூக்குக் கண்ணாடியை அதன் மேல் உட்காரவையுங்கள். ஏ.சி.யை அணைத்துவிட்டு கார் ஜன்னல் கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள், காற்றும் வரும், ஆவியும் போகும். சானிடைசர் தடவிய கையோடு உடனே ஸ்டீயரிங்கைப் பிடிக்காதீர்கள், வழுக்கும். காய்ந்த பிறகு பிடியுங்கள்.